நாற்பது பேரும் நானும்

பிப்ரவரி 3

அக்கா,

வெட்கக்கேடான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது உன் காதுக்கு வந்தால் இன்னும் இரண்டு வருடம் என்னோடு பேச மாட்டாய். நான் போஸ்டரில் வந்திருக்கிறேன், ஓய்வுபெற்ற கிழவனாக. பக்கத்தில் ஒரு பெண்மணி என் தோளில் சாய்ந்திருக்கிறார். அவர் உன் தம்பி பெண்டாட்டி இல்லை.

பதறாதே. ஓய்வுகாலச் சேமிப்பு நிதி ஒன்றின் விளம்பரம் அது. எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது, ஓய்வுக்கு இன்னும் எட்டு வருடம் கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். படம் எடுத்தவன் காதிலேயே வாங்கவில்லை. முகப்பவுடர் டப்பாவைத் திறந்து தலையில் கவிழ்த்தான். நான் தும்மி முடித்து மூச்சு விட்ட நேரத்தில் ‘கிளிக்’ என்று எடுத்துவிட்டான். அந்த முகத்துக்குக் கீழே “எனக்கு இனிக் கவலை இல்லை” என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் பஸ் பணிமனை கேன்டீனில், கை கழுவும் தொட்டிக்கு மேலே ஆளுயரத்துக்கு நிற்கிறேன். ஆளாளுக்கு என்னைப் பார்த்துக்கொண்டே வாய் கொப்புளிக்கிறார்கள்.

வீட்டுக்காரி சாவி கொடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். “சிரிப்பு நல்லாத்தான் இருக்கு. வீட்ல ஒரு நாளும் பாத்ததில்லையே” என்று மட்டும் சொன்னாள். மூன்று நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை.

இத்தனைக்கும் எனக்குக் கிடைத்த கூலி சக்கரம் வைத்த பெட்டி ஒன்று. அதிலும் ஒரு சக்கரம் சுற்றவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் பணத்தைப் பழைய நிதியிலிருந்து எடுத்து இந்தப் புதிய நிதியில் போட்டுவிட்டேன். என்னைப் பார்த்துப் பணிமனையில் மீதி நாற்பது பேரும் போட்டுவிட்டார்கள். இப்போது இந்த மாதிரி நிதிகளுக்குக் கடிவாளம் போட ஒரு குழு புது விதி எழுதுகிறது என்று பேப்பரில் பார்த்தேன். அந்தக் குழு அலுவலகத்தில்தான் நீ இருக்கிறாய் என்று அத்தான் சொன்னார். (அத்தான் என்னோடு பேசுகிறார். உனக்குத் தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள்.) பெரிய ஆள் யாரிடமாவது நல்லதாக ஒரு வார்த்தை போட்டு வைக்க முடியுமா?

உன் மகள் கல்யாணத்தில், இனி என்னோடு பேச மாட்டேன் என்றாய். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு முடி கொட்டிவிட்டது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைக்கில் சொன்னதுதான் என் தப்பு.

உன் தம்பி

—

பிப்ரவரி 11

தம்பி,

கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தேன்.

நான் பேனாவோடு உட்கார்ந்து சட்டம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. இங்கே வரும் காகிதங்களுக்கு எண் போட்டு, கோப்பில் வைத்து, எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. யாரிடமும் வார்த்தை போடும் இடத்தில் நான் இல்லை. இருந்தாலும் போட மாட்டேன்.

பேப்பரில் வந்ததை மட்டும் எழுதுகிறேன். ஓய்வுகாலச் சேமிப்பை வைத்திருப்பவரை, அவர் கேட்காமல் யாரும் கூப்பிட்டு “உங்கள் பணத்தை இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்” என்று சொல்லக்கூடாது. ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டால், முப்பது நாள் கழித்துத்தான் பணம் நகரும். அதற்குள் மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம். ஆலோசனை சொன்னவர் தன் கூலியை அந்தச் சேமிப்பிலிருந்தே வெட்டிக்கொள்ளக்கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நிதியைப் பற்றி நல்லது சொல்பவர் அதற்குத் தான் என்ன வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டியாக இருந்தாலும்.

இவையெல்லாம் இன்னும் விதி ஆகவில்லை. பொதுமக்கள் கருத்துச் சொல்லப் பிப்ரவரி கடைசி வரை நேரம்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். உங்களை முதலில் யார் கூப்பிட்டது? உங்களில் யாருக்குச் சீக்கிரம் பணம் தேவைப்படும்?

அத்தான் உன்னோடு பேசுவது எனக்குத் தெரியும். மாடியில் நின்று பேசினால் கீழே கேட்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா

—

பிப்ரவரி 20

அக்கா,

பார்த்தாயா, எழுத ஆரம்பித்தால் ஒரு பக்கம் போகிறது. கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கூப்பிட்டது யார் என்றா கேட்டாய்? ஒரு பெண் குரல். “சார், உங்க சேமிப்புக்கு இலவசமா உடல்நலப் பரிசோதனை” என்றாள். இலவசம் என்றால் இல்லாத நோய்க்குக்கூட ஊசி போட்டுக்கொள்கிறவன் நான். மறு வாரம் ஒரு ஆள் பணிமனைக்கே வந்துவிட்டான். வேர்த்து ஒழுகுகிற வெயிலில் கோட்டுப் போட்டிருந்தான், அதனால் அவனுக்குக் கோட்டு என்றே பெயர் வைத்துவிட்டோம். ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. கிரீஸ் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் கணக்கை ஒவ்வொன்றாகப் பார்த்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான். எங்கள் பணமெல்லாம் பழைய நிதியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறதாம். எல்லோருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்கிறாயா? இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் கம்பவுண்டரிடம் வளர்ந்தவர்கள்தானே நாம்.

நான் உதிரிபாகக் கிடங்கில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வர வேண்டும். வந்தவன் சும்மா போனதில்லை. ஒரு செய்தியோடுதான் போவான். எனக்கு ரேடியோ என்றுதானே பெயர். ஆகவே கோட்டு என்னைப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது கேள்வி. லேத்துக்காரருக்குத்தான் சீக்கிரம் தேவை. முப்பத்தாறு வருடமாகப் பிரேக் டிரம் கடைகிற மனுஷன். ஏப்ரல் கடைசியில் ஓய்வு. அவர் சம்சாரத்துக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி. அந்த அம்மா தரையை மிதித்து இரண்டு வருடம் ஆகிறது. இவர் தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார். மீதியை ஏப்ரல் முடிவதற்குள் கட்ட வேண்டும். சேமிப்பு வந்தால்தான் வீடு.

எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் ஒருவர் மட்டும் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் ஜன்னலுக்கு வந்தார். எந்தச் சாமானும் கேட்கவில்லை.

“நீ போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

“அப்ப சரி” என்று என் பேனாவையே வாங்கி அங்கேயே போட்டுவிட்டார்.

உன் முப்பது நாள் விதியைக் கோட்டிடம் சொன்னேன். முதல்முறையாக முகம் சுண்டிப் போனான். மறுநாளே ஒரு கடிதம் தயாராகக் கொண்டு வந்தான். “எங்கள் பணத்தை எங்கள் விருப்பப்படி உடனே மாற்றும் சுதந்திரத்தைப் பறிக்காதீர்கள்” என்று உங்கள் குழுவுக்கு. ஆளுக்கு ஒன்று, நாற்பத்தொன்று. கேன்டீனில் தட்டு சுற்றுகிற மாதிரி சுற்றி வந்தது, எல்லோரும் போட்டோம். உன் மேஜைக்குத்தான் வரும். நல்ல எண்ணாகப் பார்த்துப் போடு.

உன் தம்பி

—

மார்ச் 2

தம்பி,

வந்தது. நாற்பத்தொரு உறை, ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் ஒரே மடிப்பு. எங்கள் அதிகாரி பார்த்துவிட்டு, “இந்தப் பணிமனையில் எல்லோரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களா” என்று கேட்டார். அறையே சிரித்தது. உன் கையெழுத்து பதினேழாவதாக இருந்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டேன்.

தூண்டிலைக் காப்பாற்றச் சொல்லி மீன் மனுப் போட்டதை முதல்முறையாகப் பார்த்தேன்.

இனி எழுதுவதைப் படித்ததும் கிழித்துவிடு. என் இருபத்தொன்பது வருட வேலையில் இப்படி ஒன்றை எழுதியதில்லை. எழுதினேன் என்று தெரிந்தால் வேலையும் போகும், எனக்கு வரவேண்டியதும் போகும்.

நான் காகிதங்களைப் படிப்பதில்லை, எண்தான் போடுகிறேன். ஆனால் கண் இருக்கிறதே. வேறு ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பு வந்தது. உன் போஸ்டர் அதில் இருந்தது. பவுடர் தலையோடு நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு நிலத்தின் படம். உங்கள் பணம் எங்கே போகிறதோ அந்த நிலம். கடலோரத்தில் விடுதி கட்டுவதாகச் சொன்ன இடம். படத்தில் நான்கு கம்பும் ஒரு கயிறும் இருந்தன.

உனக்கு அவசரமாகச் செலவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள். பணத்தைப் பழைய நிதிக்கே திருப்பிக் கேள். நீ மட்டும் இல்லை. நாற்பத்தொரு பேரும், ஒரே நாளில். லேத்துக்காரர் முதலில். காரணம் கேட்டால் எதையாவது சொல், உனக்கு வாயா இல்லை. மார்ச் பதினைந்துக்குள் முடித்துவிடு. ஏன் பதினைந்து என்று கேட்காதே.

அக்கா

—

மார்ச் 12

அக்கா,

கிழித்துவிட்டேன். கிழித்ததை அடுப்பில் போட்டேன். வீட்டுக்காரி, “யார் எழுதினது, போஸ்டர்காரியா?” என்றாள். இவ்வளவு கஷ்டத்திலும் எனக்கு அந்தப் பேர் வேறு.

நீ எழுதியதை மனசில் போட்டுக்கொண்டு இரண்டு ராத்திரி புரண்டேன். அப்புறம் சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். ஏழாம் மாடி. போன தடவை வாசலில் ஆளுயரச் செடி இரண்டு இருந்தன. இப்போது தரையில் வட்டமாய் இரண்டு கறை மட்டும் இருக்கிறது. மேஜைகள் பாதி காலி. ஒரு மேஜையில் தொலைபேசி மட்டும் தனியாக அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்க மாட்டீர்களா அம்மா என்றேன். அது எங்கள் பிரிவு இல்லை சார் என்றாள்.

ஆனால் என்னைக் கண்டதும் என்ன மரியாதை தெரியுமா? கோட்டு உள்ளறையிலிருந்து ஓடி வந்தான். முதன்முறையாகக் கோட்டு இல்லாமல் பார்த்தேன், இத்துனூண்டுதான் இருக்கிறான். “உங்க முகத்துக்கு இல்லாததா சார், எங்க வாசல்ல நிக்கிற முகமாச்சே” என்று தேநீர் வரவழைத்தான். நிதி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். மலை மாதிரி இருக்கிறது என்றான். அப்புறம் குனிந்து மெதுவாகச் சொன்னான். பணிமனை மொத்தமும் ஒரே நாளில் வந்து கேட்டால் மலையும் சரியுமாம். நல்ல நிதியையும் பயந்து ஓடுகிறவர்கள்தான் கவிழ்ப்பார்களாம். அதனால் யாரிடமும் எதுவும் பேசிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

அதிலும் ஒரு நியாயம் இருக்கிறதுதானே? நான் போய்ப் பணிமனையில் நெருப்பு என்று கத்தி, நெருப்பு இல்லாமல் போனால்? அத்தனை பேரும் மிதித்துக்கொண்டு ஓடி நல்ல பணத்தைப் பாழாக்கினால்? ரேடியோ பேச்சைக் கேட்டுக் கெட்டோம் என்று முப்பது வருடம் சொல்வார்கள். லேத்துக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நேற்று எழுந்து போனேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு, புது வீட்டு வாசலில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது என்றும், அதையும் இடித்துச் சரிவாக்கித் தருவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். சரிவு எத்தனை அடி வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதைக்கு இங்கே யாரும் அசையப் போவதில்லை.

உன் தம்பி

—

மார்ச் 24

தம்பி,

பதினாறாம் தேதி காலை அந்த ஏழாம் மாடியைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். இன்று பேப்பரில் வந்துவிட்டது, அதனால் எழுதலாம். உள்ளே இருக்கும் பணத்தை யாரும் எடுக்க முடியாது. எவ்வளவு மிஞ்சும், எப்போது வரும் என்று எண்ணிச் சொல்லவே வருடக் கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

அந்த நிலத்தின் சொந்தக்காரர் அந்த நிதியை நடத்துபவரின் மச்சினன். இதுவும் பேப்பரில் வந்ததுதான்.

எனக்கு ஒன்று மட்டும் பதில் எழுது. அவர்களிடம் சொன்னாயா?

அக்கா

—

ஏப்ரல் 4

அக்கா,

சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஒரே நாளில் காகிதம் வந்தது. “உங்கள் நலன் கருதி” என்று ஆரம்பிக்கிறது. எங்கள் நலனை இத்தனை பேர் கருதுவார்கள் என்று தெரிந்திருந்தால் பிறக்கும்போதே பயந்திருப்பேன். அன்று பணிமனையில் ஒரு சத்தம் இல்லை. கம்ப்ரசர்கூட ஓடவில்லை. டயர் பிரிவுக்காரர் ஒருவர், ஆறடி ஆள், டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மதியம் வரை அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அடித்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போஸ்டரைக்கூடக் கிழிக்கவில்லை. நான் கிழிக்கப் போனபோது மெக்கானிக் ஒருவர், “இருக்கட்டும் ரேடியோ” என்றார். அவ்வளவுதான். இப்போது தினமும் அதற்குக் கீழே கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறேன். நான் உட்காரும் பெஞ்சில் இடம் நிறைய இருக்கிறது.

லேத்துக்காரர் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “அவனுங்களுக்குப் புரியல. நீயும்தான போட்டிருக்க. எங்களக் குழியில தள்ளிட்டு நீ மேலயா நிக்கிற?” என்றார்.  அவர் அந்தத் தரைத்தள வீட்டுக்காரரிடம் போய் இன்னும் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை.

இன்னொரு செய்தி. உங்கள் குழு பாதிக்கப்பட்டவர்களை நேரில் விசாரிக்கப் போகிறதாமே. பணிமனை சார்பில் ஒருவர் பேச வேண்டும். கூட்டம் போட்டார்கள். பேச்சில் கெட்டிக்காரன் நான்தானாம், அவர்களில் ஒருவனாம். லேத்துக்காரர்தான் என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். ஒருவர் தூக்கியது என்னை அனுப்பவா அடிக்கவா என்று தெரியவில்லை, அதையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

நான் என்ன சொல்லட்டும்?

உன் தம்பி

—

ஏப்ரல் 15

தம்பி,

உன்னைத் திட்டுவதற்கு நான்கு தாள் எழுதினேன். நான்கையும் கிழித்துவிட்டேன். நாற்பது பேருக்கு வந்தது உனக்கும் வந்திருக்கிறது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

விசாரணை நாளில் நானும் அந்த அறையில் இருப்பேன், ஓரத்து மேஜையில் காகிதத்துக்கு எண் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்துத் தலை ஆட்டாதே. தலைவர் வயதான அம்மா, மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் எல்லோரையும் கடைசியில் ஒரே கேள்வி கேட்கிறார்: உங்களுக்கு முதலில் எப்போது தெரியும்?

உண்மையைச் சொல். மார்ச் முதல் வாரமே தெரியும், என் அக்கா எழுதினாள், நான் வாயைத் திறக்கவில்லை என்று சொல். என் பெயர் வந்தால் வரட்டும். எனக்கு என்ன ஆகும் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பயத்தில் வாய் மூடியவர்களைப் பற்றி அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. நீ சொன்னால் ஒருவேளை வரும்.

இதோடு கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். என் சேமிப்பிலிருந்து எடுத்தது. நீ இழந்ததற்கு இது ஈடாகாதுதான், ஆனாலும் ஒன்றும் இல்லாமல் நிற்கிறாய் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தானுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பாதே.

அக்கா

—

மே 6

அக்கா,

நீ தலையைத் தூக்கவே இல்லை. முழு நேரமும் உன் வகிட்டை மட்டும்தான் பார்த்தேன். நரை அதிகமாகிவிட்டது உனக்கு. பவுடர் இல்லாமலே.

நான் பேசியதைக் கேட்டிருப்பாய். பரிசோதனைக் கதையைச் சொன்னபோது குழுவில் மூன்று பேர் சிரித்தார்கள். பவுடர் டப்பாவுக்குத் தலைவர் அம்மாவே சிரித்தார். நாற்பத்தொரு கடிதக் கதைக்கு, தண்ணீர் கொண்டு வந்தவர்கூட நின்று சிரித்தார். அதற்குப் பிறகு லேத்துக்காரரின் நான்காம் மாடியைச் சொன்னேன்; சிரிப்பு நின்றது. எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும், அக்கா. என் பிழைப்பே அதுதானே.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“கதவு பூட்டினப்புறம்தாம்மா. எங்க நாற்பத்தொரு பேருக்கும் அன்னைக்குத்தான் தெரியும்.”

உன் பேனா நின்றதைப் பார்த்தேன். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன். இருபத்தொன்பது வருட வேலையை என் வாயால் போக்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. கோபப்படாதே. வாசலில் வைத்துத் தலைவர் அம்மா, என் வாக்குமூலத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடப் போவதாகச் சொன்னார். முப்பது நாள் விதி வந்துவிடும் போலிருக்கிறது. எங்களுக்குப் பிறகு வருகிறவர்களாவது தப்பிப்பார்கள்.

லேத்துக்காரர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது என் கையை விடவே இல்லை. “எல்லாருக்கும் சேத்துப் பேசின. ஒரு வார்த்தை மிச்சம் வெக்கல” என்றார். முன்பணம் போய்விட்டது. தரைத்தளத்துக்கு வேறு யாரோ குடி வந்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே தினக்கூலிக்கு அதே லேத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். சாயங்காலம் நான்கு மாடி ஏறுகிறார். நேற்று நானும் கூட ஏறிப் போனேன். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நல்ல மனுஷன் நீங்க, உங்களுக்கும் இப்படி ஆயிடுச்சே என்றார்.

நீ அனுப்பிய பணத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். திருப்ப வேண்டாம் என்றாய், ஆனால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. என் சேமிப்பு மார்ச் பத்தாம் தேதியே பழைய நிதிக்குத் திரும்பி வந்துவிட்டது.

உன் தம்பி